முப்பது என்றால் எந்த முப்பது?

தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய புலம்பல் ஒன்று உண்டு. "அந்தப் பக்கம் பெயர் ஃபீல்டு 30-ன்னு இருந்துச்சு. இந்தப் பக்கம் இறக்கினதும் 90-ன்னு காட்டுது. நான் எதையும் தொடவே இல்லையே!" சில இடங்களில் 90-க்குப் பதிலா 120. இன்னும் சில இடங்களில் அளவு 30-ஆகவே நிற்கும், ஆனால் உள்ளே இருந்த பெயர்களின் வால் அறுந்து போயிருக்கும்.

பார்க்கச் சின்னத் தொழில்நுட்பத் தொல்லை மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பின்னோக்கிப் போனால் இதற்குள் நூறு வருஷத்துக் கதை கிடக்கிறது. "ஒரு பெயருக்கு எவ்வளவு இடம்?" என்று யார், எப்போது, எதை வைத்துத் தீர்மானித்தார்கள் என்ற கதை. என் குறிப்பேட்டில் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருந்ததை இங்கே கோத்துத் தருகிறேன்.

அட்டையில் பிறந்த அளவு

அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித்தின் துளை அட்டைகள் பயன்பட்டன. அந்த அட்டைகளில் ஆட்களின் பெயர் கிடையாது. வயது, பிறந்த இடம், தொழில் மாதிரியான விவரங்களைத் துளைகளாக்கி எண்ணுவதுதான் வேலை. எண்ணுவதற்குப் பெயர் எதற்கு?

1928-ல் ஐ.பி.எம். 80 நெடுவரிசை கொண்ட அட்டையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு வட்டத் துளையோடு 45 வரிசை. அதே அளவு அட்டையில் துளையைச் செவ்வகமாக்கி நெருக்கியதும் 80 வரிசை பிடித்தது. ஒரு வரிசையில் ஒரே துளை என்றால் அது எண். 1930-களில், ஒரே வரிசையில் இரண்டு துளை போட்டால் ஆங்கில எழுத்து என்கிற முறை நடைமுறைக்கு வந்தது. மனிதப் பெயர்கள் இப்படித்தான் அட்டைக்குள் நுழைந்தன.

இங்கேதான் பங்கீடு ஆரம்பிக்கிறது. மொத்தம் 80 இடம். அதில் அடையாள எண்ணுக்கு இத்தனை, தேதிக்கு இத்தனை, தொகைக்கு இத்தனை. மிச்சம் இருப்பது பெயருக்கு. 20 கிடைத்தால் 20, 25 கிடைத்தால் 25. பெயர் எவ்வளவு நீளம் என்று பார்த்து ஒதுக்கவில்லை, அட்டையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து ஒதுக்கினார்கள். ஆண்டை நாலு இலக்கத்துக்குப் பதிலா இரண்டே இலக்கத்தில் எழுதிய பழக்கத்துக்கும் இந்தச் சிக்கனம் ஒரு பெரிய காரணம். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகம் முழுக்க அதைத் தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது ஞாபகம் இருக்கும்.

அட்டைக் காலத்தில் நல்ல விஷயம் ஒன்று இருந்தது. "30" என்றால் சந்தேகமே கிடையாது. அட்டையில் 30 வரிசை, 30 ஆங்கில எழுத்து. கையில் எடுத்து எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்தும் பைட்டும் ஒன்றாகத் தெரிந்த காலம்

பைட் என்ற சொல்லை 1956-ல் உருவாக்கியவர் ஐ.பி.எம்.-மில் வேலை பார்த்த வெர்னர் புக்ஹோல்ட்ஸ். 1964-ல் அறிமுகமான சிஸ்டம்/360 கணினிக் குடும்பம் எட்டு பிட் பைட்டை நிலைநிறுத்தியது. அதற்கு முந்தைய வருஷம் ஆஸ்கி வந்துவிட்டது. ஏழு பிட், 128 குறிகள். ஆங்கிலத்துக்கு அது தாராளம்.

அப்புறம் கோபால், எஸ்.க்யூ.எல்., டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்று எது வந்தாலும் புலத்துக்கு அளவு சொல்லும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால், 30 என்பது எழுத்தா பைட்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. இரண்டும் ஒரே எண்தான்.

இந்த இடத்தில்தான் அலகு தொலைந்தது என்று நினைக்கிறேன். கடைக்காரரிடம் "முப்பது குடுங்க" என்றால், "முப்பது என்ன? கிலோவா, படியா?" என்று கேட்பார். தரவுத்தளம் கேட்கவில்லை. வெறும் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டது.

ஐரோப்பிய மொழிகளில் புள்ளி வைத்த எழுத்துகள், கோடு போட்ட எழுத்துகள் உண்டு. அவற்றை எட்டாவது பிட்டைப் பயன்படுத்தி 256 இடத்துக்குள் அடைத்தார்கள். ஆகவே அங்கேயும் ஒரு எழுத்துக்கு ஒரு பைட்தான். தமிழிலும் நாம் அதையே செய்தோம். டிஸ்கி, தாப், தாம் எல்லாம் அப்படிப் பிறந்தவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி தாப், தாம் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசு ஏற்புப் பெற்றன. இணையத்தில் மடற்குழுக்கள் டிஸ்கியில் ஓடின.

டிஸ்கியின் கணக்கு கெட்டிக்காரத்தனமானது. 'க்' ஒரே பைட். 'கு' ஒரே பைட். 'மூ' ஒரே பைட். கால், கொம்பு, விசிறி போன்றவை தனித்தனி பைட். 'தமிழ்' என்று எழுத நாலே பைட். 'முருகன்' என்று எழுதவும் நாலே பைட்: மு, ரு, க, ன். நான்கு எழுத்து, நான்கு பைட். அச்சுக்கோப்பவர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

யூனிகோடு வந்தது, அலகு பிரிந்தது

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. இந்திய அரசின் 1988 இஸ்கியை அடியொற்றித் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இதில் 'க்' என்பது க + புள்ளி, இரண்டு குறியெண். 'கு' என்பது க + உகரக் குறி, இதுவும் இரண்டு. மெய்க்குத் தனி இடம் கொடுக்காதது சரியா தவறா என்று தமிழ்க் கணிமை வட்டத்தில் பெரிய விவாதமே நடந்தது. இந்தக் கட்டுரைக்கு அது வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்போம்.

1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்சன் ஒரு திட்டத்தை வரைந்தார். கூட இருந்தவர் ராப் பைக். அதுதான் இன்று இணையம் முழுக்க ஓடும் யு.டி.எஃப்-8. அதன் விதி எளிது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். ஐரோப்பிய விசேஷ எழுத்துகள், கிரேக்கம், ரஷ்யன், அரபி மாதிரியானவற்றுக்கு இரண்டு. தமிழ், இந்தி உட்பட இந்திய எழுத்துகளுக்கு மூன்று. எமோஜி மாதிரி மேல்மாடியில் இருப்பவற்றுக்கு நான்கு.

ஆங்கிலத்துக்கு எதுவும் மாறாதபடி செய்ததுதான் இந்தத் திட்டத்தின் வெற்றிக்குக் காரணம். பழைய ஆஸ்கிக் கோப்பு அப்படியே யு.டி.எஃப்-8 கோப்பாகவும் செல்லும். அந்தச் சௌகரியத்துக்கான செலவு மற்ற மொழிகளின் கணக்கில் ஏறியது.

'திருநெல்வேலி'யை எடுத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்:

- தமிழ் எழுத்துகள்: 6 (தி, ரு, நெ, ல், வே, லி)
- டிஸ்கியில்: 10 பைட்
- யூனிகோடு குறியெண்கள்: 12
- யு.டி.எஃப்-16-ல்: 24 பைட்
- யு.டி.எஃப்-8-ல்: 36 பைட்

ஒரே ஊர், ஐந்து நீளம். ஆங்கிலத்தில் அதே ஊருக்கு 11 எழுத்து, டிஸ்கி, யு.டி.எஃப்-8 எதில் எண்ணினாலும் 11 பைட். "ஊர்ப் பெயருக்கு 30 போதும்" என்று ஒருவர் ஆங்கிலத்தை மனதில் வைத்துத் தீர்மானித்திருந்தால், அங்கே திருநெல்வேலி நுழையாது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை என்பது என் எண்ணம். நம் யாப்பிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட எண்ணும் முறை இருக்கிறது. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அங்கே ஒற்றுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கில் திருநெல்வேலிக்கு ஐந்தே எழுத்து. மாத்திரை போட்டால் ஆறரை. ஆனால் நம் புலவர்கள் எந்த முறையில் எண்ணுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்: "ஒற்று நீக்கி". தரவுத்தளங்கள் அதைச் சொல்லவில்லை.

ஒரே 30, ஆளுக்கொரு அர்த்தம்

ஆரக்கிளில் வார்சார்2(30) என்று எழுதினால், வேறு எதுவும் சொல்லாதவரை, அது 30 பைட். எழுத்துக் கணக்கில் அளக்கச் சொல்லும் வசதி 9ஐ பதிப்பில் வந்தது, ஆனால் இயல்பு பைட்தான். போஸ்ட்கிரெஸில் அதே 30 என்பது 30 குறியெண். மை எஸ்.க்யூ.எல்.-லில் 4.1-க்கு முன்னால் பைட், அதற்குப் பிறகு குறியெண். அதாவது ஒரே மென்பொருளில், ஒரே கட்டளையில், பதிப்பு மாறியதும் 30-க்கு அர்த்தம் மாறிவிட்டது.

இப்போது இறக்குமதிக்கு வருவோம். ஒரு பைட் குறியீட்டில் இருக்கும் தளத்திலிருந்து யு.டி.எஃப்-8 தளத்துக்குத் தரவு வருகிறது. வாங்கும் மென்பொருளுக்குத் தெரிந்தது "இந்தப் புலம் 30" என்பது மட்டும். உள்ளே ஆங்கிலம் இருக்கிறதா, பிரெஞ்சு இருக்கிறதா, தாய் மொழி இருக்கிறதா என்று லட்சக்கணக்கான வரிகளைப் படித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதற்கு இரண்டே வழி.

முதல் வழி, 30-ஐ அப்படியே வைத்துக்கொள்வது. இடம் பத்தாவிட்டால் பிழை காட்டுவது, அல்லது வெட்டுவது. ஆரக்கிள் வைத்திருப்பவர்கள் 12899 என்ற பிழை எண்ணைப் பார்த்திருப்பார்கள். "மதிப்பு புலத்தைவிடப் பெரியது" என்று அர்த்தம்.

இரண்டாவது வழி, மோசமான சாத்தியத்தை எடுத்துக்கொண்டு பெருக்குவது. எல்லா எழுத்தும் மூன்று பைட்டாக இருந்தால்? 90. நான்காக இருந்தால்? 120. யாரும் தொடாமலே ஃபீல்டு வீங்குவதன் ரகசியம் இதுதான். மென்பொருள் தன்னிச்சையாக ஏதோ செய்யவில்லை. தெரியாத சரக்குக்குப் பெரிய கோணியாக எடுத்துவைக்கிறது.

மை எஸ்.க்யூ.எல்.-லில் டெக்ஸ்ட் வகைப் புலத்தைப் பழைய லத்தீன் குறியீட்டிலிருந்து யு.டி.எஃப்-8-க்கு மாற்றினால், அது தானாகவே மீடியம்டெக்ஸ்ட் ஆகிவிடும். டெக்ஸ்ட் 65,535 பைட் பிடிக்கும். அத்தனை எழுத்தும் மூன்று பைட் ஆனால் கொள்ளாது. அதனால் அடுத்த பெரிய பாத்திரம்.

புள்ளியியல் உலகில் புழங்கும் எஸ்.ஏ.எஸ். மென்பொருளில் இது இன்னும் உறைக்கும். அங்கே எழுத்துப் புலம் நிலையான அகலம் கொண்டது. "ரவி" என்று எழுதினாலும் மிச்ச இடம் முழுக்க வெற்றிடம் நிரப்பப்படும். 30 பைட் 120 ஆனால், பத்து லட்சம் வரிக்கு ஒரே புலத்தில் கூடுதலாக ஒன்பது கோடி பைட், சுருக்கிச் சேமிக்கச் சொல்லாவிட்டால் அத்தனையும் வெற்றிடம். அப்படிப் பத்துப் புலம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். குறியீடு மாறும்போது புலத்தை அகலப்படுத்த அதில் சி.வி.பி. என்ற வசதி உண்டு. அதன் இயல்புப் பெருக்கம் ஒன்றரை மடங்கு. ஜெர்மன், பிரெஞ்சுக்கு அது தாராளம், ஏனென்றால் அங்கே பத்து எழுத்தில் ஒன்றிரண்டுதான் இரண்டு பைட் ஆகும்.

தமிழுக்கு? 'தமிழ்' டிஸ்கியில் 4, யு.டி.எஃப்-8-ல் 15. கிட்டத்தட்ட நாலு மடங்கு. 'முருகன்' 4-லிருந்து 21. ஐந்து மடங்குக்கும் மேலே. ஆனால் 'கொ' டிஸ்கியில் கொம்பு, க, கால் என்று மூன்று பைட், யூனிகோடில் இரண்டு குறியெண், ஆறு பைட். அது இரண்டே மடங்கு. "எழுத்துக்கு மூன்று பைட், ஆகவே மூன்றால் பெருக்கு" என்ற விதி முருகனுக்குப் போதாது, 'கொ'வுக்கு அதிகம்.

இதிலும் ஒரு உள்முடிச்சு. 'கோ'வை யூனிகோடில் க + ோ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம், க + ே + ா என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே மாதிரி. 'கோபால்' ஒரு கணக்கில் 18 பைட், இன்னொரு கணக்கில் 21. தேடினால் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

வெட்டினால் என்ன ஆகும்?

வீங்குவது எரிச்சல்தான், காசும் செலவு. ஆனால் உண்மையான சேதம் வெட்டுவதில் இருக்கிறது. அதுவும் சத்தமில்லாமல் வெட்டுவதில்.

'கிருஷ்ணமூர்த்தி' யு.டி.எஃப்-8-ல் 45 பைட். அதை 30-ல் நறுக்கினால் கிடைப்பது 'கிருஷ்ணமூர'. வெறும் வால் மட்டும் போகவில்லை, கடைசி எழுத்தின் புள்ளியும் போய் 'ர்' 'ர' ஆகிவிட்டது. 32-ல் நறுக்கினால் புள்ளியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் தங்கும். அது எந்த எழுத்தும் இல்லை. திரையில் கேள்விக்குறி வைத்த கறுப்பு வைரம் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

இதைவிட ஆபத்து இன்னொன்று. முத்துக்கிருஷ்ணன், முத்துக்கிருஷ்ணவேணி என்று இரண்டு பேர். 30 பைட்டில் வெட்டினால் இரண்டு பேருமே 'முத்துக்கி'. அதற்குப் பிறகு "ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கு" என்று ஒரு வரியை நீக்கும் நிரல் எங்காவது ஓடினால், ஒரு ஆள் பட்டியலிலிருந்து காணாமல் போவார். அவர் போய்க் கேட்டால், "உங்க பேர் சிஸ்டத்துல இல்லையே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிஸ்டத்தில் உண்மையிலேயே இல்லை.

இது தமிழுக்கு மட்டும் வரும் கஷ்டம் இல்லை. 2013-ல் ஹவாயில் ஒரு பெண்மணியின் விஷயம் செய்திகளில் வந்தது. அவருடைய குடும்பப் பெயர் 35 எழுத்தும் ஓகினா என்ற ஒலிக்குறியும் சேர்த்து 36. ஓட்டுநர் உரிமத்தில் 35-தான் இடம். ஒரு குறிக்கு இடமில்லை. கடைசியில் மாநிலம் தன் புலத்தை 40-ஆக அகலப்படுத்தியது. உலகக் கடவுச்சீட்டுகளின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் 44 இடம், பெயருக்கு 39. அதை மீறும் பெயரை எப்படி வெட்டுவது என்பதற்குத் தனி விதியே வைத்திருக்கிறார்கள். வெட்டுவதையும் விதிப்படி, எல்லோருக்கும் தெரியும்படி செய்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

மை எஸ்.க்யூ.எல்.-லின் பழைய 'யு.டி.எஃப்8' ஒரு குறியெண்ணுக்கு மூன்று பைட்டுக்கு மேல் தராது. நான்கு பைட் குறி ஒன்று வந்தால், கண்டிப்பான முறை இயங்காத தளங்களில், அந்தக் குறியும் அதற்குப் பின்னால் இருந்த எல்லாமும் போய்விடும். யாராவது கடிதத்தின் நடுவில் ஒரு எமோஜி போட்டால் மீதிக் கடிதம் காலி. முழு நான்கு பைட் வடிவம் 2010-ல்தான் வந்தது. வேர்ட்பிரஸ் 2015-ல் 4.2 பதிப்பில் அதற்கு மாறியபோது, குறியடைவுக்கான 767 பைட் வரம்பை நாலால் வகுத்து 191 எழுத்து என்று குறைக்க வேண்டியிருந்தது. அதுவரை மூன்றால் வகுத்து 255.

எமோஜி தானே, போனால் போகட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். முந்திரி, காணி, மாகாணி போன்ற நம் பழைய பின்னக் குறிகள் 2019-ல் யூனிகோடு 12-ல் தமிழ்ப் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன. அவை குடியிருப்பதும் அதே மேல்மாடிதான். ஒவ்வொன்றும் நான்கு பைட். பழைய நிலக் கணக்கு ஒன்றைத் தட்டெழுதி மூன்று பைட் தளத்தில் ஏற்றினால், முதல் பின்னத்தோடு கணக்கு நின்றுவிடலாம்.

என்ன செய்யலாம்?

இதையெல்லாம் படித்துவிட்டு "எல்லாத்துக்கும் 4000-ன்னு போட்டுட்டா முடிஞ்சுது" என்று தோன்றும். சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். நிலையான அகலம் வைக்கும் மென்பொருளில் அது வட்டு முழுவதையும் வெற்றிடத்தால் நிரப்பும். குறியடைவு போட முடியாமலும் போகலாம். போதாக்குறைக்கு, வீங்கிய அளவை அடுத்த தளம் வாங்கி மறுபடி பெருக்கும். 30, 90, 270 என்று தரவு ஊர் சுற்றச் சுற்றப் பெருத்துக்கொண்டே போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனக்கு வரும் ஆய்வுத் தரவில், புலத்தின் அகலத்தை உள்ளே இருக்கும் மிக நீளமான மதிப்பின் அளவுக்குச் சுருக்கித் தரும்படி கேட்கிறது. காரணம் இந்த வெற்றிடச் சுமைதான்.

என் குறிப்பேட்டில் நான் எழுதி வைத்திருக்கும் வரிசை இது. கொண்டுவரும் முன், அந்தப் பக்கம் 30 என்றால் 30 என்ன என்று கேள். பைட்டா, குறியெண்ணா? பிறகு, அறிவிக்கப்பட்ட அளவை நம்பாமல், உள்ளே இருக்கும் மிக நீளமான மதிப்பை இந்தப் பக்கத்துக் குறியீட்டில் மாற்றி அளந்து பார். அதற்குக் கொஞ்சம் கூட்டி அகலம் வை. பத்தாத வரிகளை வெட்டாதே. தனியாக ஒதுக்கிப் பட்டியல் போட்டு ஒரு மனிதரிடம் கொடு. ஏற்றி முடிந்ததும் அந்தப் பக்கத்து வரி எண்ணிக்கையையும், வேறுபட்ட பெயர்களின் எண்ணிக்கையையும் இந்தப் பக்கத்தோடு ஒப்பிடு. முத்துக்கிருஷ்ணனும் முத்துக்கிருஷ்ணவேணியும் ஒன்றாகியிருந்தால் இந்தக் கடைசிச் சோதனையில் மாட்டும். வேறு எதிலும் மாட்டாது.

பழைய டிஸ்கி, தாப் கோப்புகள் இன்னும் எத்தனையோ அலமாரிகளில், குறுந்தகடுகளில் கிடக்கின்றன. கோயில் மலர்கள், சங்க உறுப்பினர் பட்டியல்கள், சிறு நூலக அட்டவணைகள். தமிழ்நாட்டு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்று வருஷங்கள் ஆகியும் அவற்றில் பல இன்னும் மாற்றப்படவில்லை. உங்களிடம் அப்படி ஏதாவது இருந்து, அதை மாற்றப் போகிறீர்கள் என்றால், மாற்றியபின் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். பழைய கோப்பில் பெயர் முழுசாக இருக்கிறது. புதியதில் இருக்கிறதா என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.